'மைனர்' என்ற பேச்சு உங்கள் ஊரில் எப்படி? நடந்ததைச் சொல்லுங்கள்

காவிரிக்கரையான்
பங்குனியில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வலங்கைமான் பக்கம் எங்கள் பழைய ஊருக்குப் போயிருந்தோம். தாத்தா போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இன்னும் 'மைனர் வீடு' என்றால்தான் அங்கே தெரியும். அவர் போட்டோவை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்: மல் ஜிப்பா, உள்ளே மின்னுகிற செயின், புலிநக டாலர். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கோயிலுக்கு வழி கேட்டேன். "யார் வீட்டுப் பிள்ளை?" என்றார். "மைனர் பேரன், பாட்டி." இடிக்கிற கை அப்படியே நின்றது. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சின்ன உரலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. அப்பாவிடம் கேட்டால் "விடுடா அதை" என்கிறார். எப்படி விடுவது?

பத்திர எழுத்தர், விழுப்புரம்
உங்களுக்கு ஜிப்பாவும் செயினும். எங்கள் தொழிலில் மைனர் என்றால் வயது வராதவன், அவ்வளவுதான். ஒரு பெரியவர் பழைய கிரயப் பத்திரத்தின் நகலோடு வந்தார். பக்கத்து மேஜைப் பையன் அதை உரக்கப் படித்தான்: "மைனர் இன்னாருக்காக, அவருடைய சித்தப்பாவும் கார்டியனுமான இன்னார் எழுதிக் கொடுத்தது..." படித்துவிட்டு, "தாத்தா, நீங்கதான் அந்த மைனரா?" என்றான். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரியவர் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, "ஆமா தம்பி. மைனரா இருந்ததாலதான் ரெண்டு ஏக்கர் நஞ்சை போச்சு" என்றார். காலரில் நூல் பிரிந்த சட்டை அவருக்கு. அதற்கப்புறம் அங்கே யாரும் சிரிக்கவில்லை.

பொதிகைச்செல்வி
பத்திர எழுத்தர் அண்ணா, 'அவ்வளவுதான்' என்று முடிப்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டும் ஒரே சொல்தான். ஜமீன்தார் இறந்து வாரிசு சிறுவன் என்றால் வெள்ளைக்காரன் காலத்தில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் எஸ்டேட்டை எடுத்து நடத்தும். 1875ஆம் வருஷச் சட்டப்படி ஊரில் எல்லோருக்கும் 18 வயதில் மேஜர். கோர்ட் ஆஃப் வார்ட்ஸின் கீழ் இருந்த பிள்ளைகளுக்கும், கோர்ட் கார்டியன் நியமித்த பிள்ளைகளுக்கும் 21. மீசை முளைத்து, வில்வண்டி ஓட்டி, அத்தர் பூசிக்கொண்டு திரிகிறவரும் காகிதத்தில் மைனர். கையில் காசு உண்டு, பொறுப்பு கிடையாது. அப்புறம் நாலு காணி நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகளும் அந்த நடையுடையைப் பிடித்துக்கொண்டார்கள். பேரும் கூடவே வந்தது.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பஸ்ஸில் போகும்போது, பக்கத்து சீட்டுத் தாத்தா ஜன்னல் வழியாக மலையைக் காட்டி, "அந்தா தெரியுது பாரு, அந்தக் காடு மைனர் கேசுல போனது தாயி" என்றார். அவர் சொன்ன கேஸ் இதுதான்: 1919இல் சென்னை தேனாம்பேட்டை நியூயிங்டன் பங்களாவில், ஜமீன் பிள்ளைகள் படித்த இடத்தில், அதன் தலைமை ஆசிரியர் டெ லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டார். கடம்பூர் மைனர் மீது வழக்கு. சிங்கம்பட்டி மைனர் அப்ரூவர், அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவர். விசாரணை பம்பாய்க்குப் போய், கடம்பூர் மைனர் விடுதலையானார். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் காடு பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குப் போனது, தேயிலைத் தோட்டம் வந்த மாஞ்சோலை அதுதான். அந்த வழக்குச் செலவால்தான் போனது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. தாத்தா அதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. சொந்த வீட்டுச் சொத்து போனதுபோல் ஒரு வருத்தம்தான் இருந்தது.

காவிரிக்கரையான், உங்கள் பாட்டி விஷயம் வேறு. எங்கள் ஆச்சிமார் மைனர் என்று சொன்னால் அது உடுப்பைப் பற்றிய பேச்சே இல்லை. மைனர் தெருவில் வந்தால் வயசுப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். அப்பாவை இனிமேல் கேட்காதீர்கள், உங்கள் அத்தை யாராவது இருந்தால் கேளுங்கள்.

மதுரை மண்
எங்கள் தெருவில் ஒரு மைனர் இருந்தார். கடைசிக் காலத்தில் செயினை அடகு வைத்த பிறகும், கழுத்தில் அது கிடந்த இடத்தைத் தடவிக்கொண்டேதான் பேசுவார்.

அது இருக்கட்டும். பத்திர எழுத்தர் சொன்னது எல்லோருக்கும் பாடம். நிலம் வாங்குகிறவர்கள் கவனியுங்கள். இந்துக்களுக்கு 1956ஆம் வருஷச் சட்டப்படி இயற்கைக் கார்டியன் அப்பா, அவருக்குப் பின் அம்மா. சித்தப்பா, மாமா எல்லாம் நானும் கார்டியன் என்று பிள்ளையின் சொத்தை விற்க முடியாது. அப்பா அம்மாவே விற்றாலும் கோர்ட் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றிருந்தால் பிள்ளை மேஜரான பிறகு மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டு ரத்து செய்யலாம். பிரியாத கூட்டுக்குடும்பச் சொத்து என்றால் கணக்கு வேறு, அதற்கு வக்கீலைப் பாருங்கள். வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கிறது என்று அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். மூலப் பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். எங்காவது ஒரு பெயருக்கு முன்னால் 'மைனர்' என்று இருந்தால், அவர் பிறந்த தேதி என்ன, இப்போது எங்கே இருக்கிறார், கோர்ட் உத்தரவு நகல் உண்டா என்று கேளுங்கள். அவரையே கூப்பிட்டுச் சம்மதக் கையெழுத்து வாங்கினால் இன்னும் நல்லது.