சோலார் டிரையர்ல கொப்பரை பூசணம் பிடிக்குது, என்ன செய்யலாம்?

கருங்கல்_செக்கு:
கருங்கல் பக்கம் சின்ன எண்ணெய் மில்லு வச்சிருக்கேன். முன்ன சிரட்டை எரிச்சு புகையிலதான் கொப்பரை காயப்போடுவோம். எண்ணெய்ல புகை வாடைன்னு வாங்குறவங்க முகம் சுளிச்சதால, லோன் போட்டு பாலிகார்பனேட் சோலார் டிரையர் வச்சேன். மாசி, பங்குனியில அருமையா காஞ்சுது. ஆனிச் சாரல் தொடங்கினதும் போச்சு. மூணாம் நாளே பருப்பு வழுவழுன்னு மஞ்சளாவுது, ஓரத்துல பச்சைப் பூசணம். விடியக்காலம் ஷீட்டுக்கு உள்பக்கம் தண்ணி முத்து முத்தா நிக்குது. போட்டுத் தந்தவங்க "வெயில் வரட்டும்"ங்கறாங்க. திரும்ப புகைக்கே போயிரட்டா?

தக்கலை_ஒர்க்‌ஷாப்:
ஷீட்டுல தண்ணி நின்னா ஈரக்காத்து வெளிய போகலன்னு அர்த்தம். ஃபேன் எதுல ஓடுது? கீழ காத்து வர்ற வழி திறந்திருக்கா?

கருங்கல்_செக்கு:
ஃபேன் பேனல்ல நேரா ஓடுது, பேட்டரி கிடையாது. மேகம் மூடினா நின்னுரும். கீழ் வழிய, மழை அடிக்கும்னு ஃபிட்டரே பலகை வச்சு அடைச்சிட்டாரு.

தக்கலை_ஒர்க்‌ஷாப்:
அப்ப வியாதி தெரிஞ்சு போச்சு அண்ணே. பலகையைக் கழற்றிட்டு, மேல சரிவா ஒரு தகடு அடிங்க, வலை போடுங்க. ஃபேனை கரண்ட்ல மாட்டுங்க, ராத்திரியும் ஓடணும். தட்டுல ஒரே அடுக்குதான்.

கொப்பரைக்களம்:
அது மட்டும் போதாது. பச்சைத் தேங்காயில பாதிக்குப் பாதி ஈரம். முதல் 24 மணி நேரத்துல அது 35 சதவீதத்துக்கு இறங்கலன்னா பூசணம் முந்திக்கும். கடைசியில 6 சதவீதத்துக்கு வரணும். நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, ஐப்பசியிலயும் இதே கதைதான். வெயிலை மட்டும் நம்புற டிரையரை இங்க விக்கிறதே தப்புன்னு சொல்லுவேன். பக்கத்துல சிரட்டை அடுப்பு வச்சு, புகை குழாய்வழியா வெளிய போக, சூடு மட்டும் உள்ள வர்ற மாதிரி செய்யுங்க. காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் புகை படாத சிரட்டை டிரையரே வடிவமைச்சிருக்கு. சிரட்டை நம்ம மில்லுலயே கிடக்கு, டீசலும் வேண்டாம், விறகும் வேண்டாம்.

கருங்கல்_செக்கு:
இதுக்கு மானியம் கிடைக்குமா?

கொப்பரைக்களம்:
சின்ன உணவுத் தொழிலுக்கான மத்திய அரசோட பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்துல 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம். ஆனா வங்கிக் கடனோட சேர்ந்துதான் வரும். முதல்ல வாங்கிட்டு அப்புறம் பில்லைத் தூக்கிட்டுப் போனா நடக்காது. நாகர்கோவில் மாவட்ட தொழில் மையத்துல விசாரிச்சிட்டு கொட்டேஷன் வாங்குங்க.

கருங்கல்_செக்கு:
சரி. பூசணம் பிடிச்சதை துடைச்சு ஆட்டலாமா?

தக்கலை_ஒர்க்‌ஷாப்:
வேண்டவே வேண்டாம். பூசணம் விடுற அஃப்ளடாக்சின்ங்கற விஷம் துடைச்சா போகாது, பிண்ணாக்கு வழியா மாட்டுப் பாலுக்கும் வரும். அதை அடுப்புல போடுங்க.