மேல் பிரஷர், கீழ் பிரஷர், நடுவுல இருக்கிற இடைவெளி: உங்க அனுபவம் என்ன?

தஞ்சாவூர் மகள்:
அப்பாவுக்கு 74 வயசு. போன மாசம் பிரஷர் 162/64. "கீழ் பிரஷர் நல்லாத்தானே இருக்கு, மேல சும்மா ஏறி இறங்கும்"னு அவருக்கு ஒரே தெம்பு. டாக்டர் சீட்டு ஓரத்துல ரெண்டையும் கழிச்சு 98னு எழுதி வட்டம் போட்டார். இந்த வித்தியாசத்துக்குப் பேர்தான் பல்ஸ் பிரஷராம். 120/80 இருக்கிறவங்களுக்கு 40. 60ஐத் தாண்டினா கவனிக்கணும்.

அவர் விளக்கினது: இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது பெருந்தமனி விரிஞ்சு கொடுக்கும், அடுத்த துடிப்புக்குள்ள சுருங்கி ரத்தத்தை முன்னால தள்ளும். வயசாக ஆக அது வெயில்ல காய்ஞ்ச தோட்டத்துக் குழாய் மாதிரி விறைச்சுடும். விரிஞ்சு கொடுக்காததால மேல் எண் ஏறும், சுருங்கித் தள்ளாததால கீழ் எண் இறங்கும். அதனால 64ஐப் பார்த்துச் சந்தோஷப்பட ஒண்ணுமில்ல. ரத்தசோகை, தைராய்டு அதிகமா சுரக்கிறது, பெருந்தமனி வால்வு கசிவு இதுலயும் இடைவெளி விரியும்னு ரத்தப் பரிசோதனையும் எக்கோவும் எழுதினார். மூணுலயும் கோளாறு இல்ல. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டுறார். கீழ் எண் ரொம்ப இறங்கக் கூடாதாம். ஒவ்வொரு தடவையும் எழுந்து நிக்க வெச்சும் பார்க்கிறார்.

வார்டு சிஸ்டர்:
நாங்க பயப்படுறது இதுக்கு நேர் எதிரானதுக்கு. டெங்கு வார்டு. அஞ்சாம் வகுப்புப் பையன், காய்ச்சல் விட்டாச்சு, இட்லி கேக்கிறான். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா சிஸ்டர்?"னு அவங்கம்மா. பிரஷர் 100/84. அவங்களுக்கு 100 நல்ல எண்ணாத் தெரியுது, எனக்கு 16 தெரியுது. காலைத் தொட்டா ஜில்லுனு இருக்கு. நகத்தை அமுக்கி விட்டா சிவப்பு திரும்ப நேரமாகுது. உடனே டாக்டரைக் கூப்பிட்டேன்.

டெங்குல ரத்தக்குழாயிலேர்ந்து நீர் வெளிய கசியும், பெரும்பாலும் காய்ச்சல் விடுற நேரத்துல. உடம்பு அதை ஈடுகட்ட ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிக்கும், அதனால கீழ் எண் மேல வரும். மேல் எண் கடைசி வரைக்கும் தாக்குப்பிடிச்சிட்டு அப்புறம் சடார்னு விழும். இடைவெளி 20 அல்லது அதுக்குக் கீழ வந்தாலே ஷாக்னு, அதாவது உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போகாத ஆபத்தான நிலைன்னு, எடுத்துக்கணும்கிறது உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல்லயே இருக்கு. டிரிப்ஸ் உடனே ஏத்தினதும் கொஞ்ச நேரத்துல இடைவெளி விரிஞ்சது, கால் சூடாச்சு. அதுக்கப்புறமும் மணிக்கொரு தடவை பிரஷர், சிறுநீர் அளவு, பிசிவி (ரத்தத்துல சிவப்பணுக்களோட பங்கு) எல்லாம் பார்த்துட்டே இருந்தோம்.

சொந்தக்காரங்க எல்லாரும் கேக்கிறது "பிளேட்லெட் எவ்ளோ?" மட்டும்தான். பிரஷர் எவ்ளோன்னு ஒருத்தராவது கேட்டா நல்லாருக்கும்.

திருநெல்வேலிக்காரன்:
சிஸ்டர், வீட்டு மெஷின்ல இதையெல்லாம் பார்க்கலாமா?

வார்டு சிஸ்டர்:
பெரியவங்களுக்குப் பார்க்கலாம். காபி குடிச்சு அரை மணி நேரமாவது ஆகணும், அஞ்சு நிமிஷம் சும்மா சாஞ்சு உட்காரணும், கை நெஞ்சு உயரத்துல இருக்கணும், பேசக் கூடாது. சட்டைக்கு மேல கட்டாதீங்க. கை பருமனா இருந்து பட்டை சின்னதா இருந்தா எண் கூடத்தான் காட்டும். ரெண்டு தடவை எடுத்து ரெண்டையும் எழுதி வைங்க. டெங்குக் குழந்தைக்கு மட்டும் வீட்டு மெஷினை நம்பாதீங்க. நாடி மெலிஞ்சிருக்கும்போது அது தப்பாக் காட்டலாம். கைகால் ஜில்லுனு இருந்தாலோ, வயித்துவலி, விடாத வாந்தி, சோர்வு இருந்தாலோ, காய்ச்சல் விட்டிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துடுங்க.