உள்ளூர் ஜாஸ், ப்ளூஸ் கலைஞர்களை வானொலியில் கேட்ட அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

தாமிரபரணிக் கரை:

ஒரு டம்ளர் சத்தம் ஆறேழு வருடமாக என்னை விடாமல் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த இழை.

சியாட்டில் பக்கம் இருந்தவர்களுக்கு ஞாயிறு மதியம் இரண்டு மணி என்றால் விளக்கமே வேண்டாம். ஜிம் வில்கி நடத்திய 'ஜாஸ் நார்த்வெஸ்ட்' வானொலி நிகழ்ச்சி. வாரத்துக்கு ஒரு மணி நேரம், முழுக்க அந்த வட்டாரத்துக் கலைஞர்கள் மட்டும். ஊர்க் கச்சேரிகளுக்கு அவரே போய்ப் பதிவு செய்துகொண்டு வருவார். அப்படி ஒரு பதிவு நடந்த வியாழக்கிழமை மாலையில் நானும் அம்மாவும் கூட்டத்தில் இருந்தோம். கலை அருங்காட்சியகத்தில் இலவசக் கச்சேரி. அம்மா ஊரிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. எங்கே போனாலும் பிளாஸ்க்கில் காபியும் எவர்சில்வர் டம்ளரும் கூடவே வரும்.

மெதுவான பாட்டு. பியானோவும் டிரம்ஸும் ஒதுங்கிக்கொள்ள, தாழ்ந்த சுரம் வாசிக்கும் தந்தி வாத்தியமான பாஸ் மட்டும் தனியாக. கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்போது டம்ளர் விழுந்தது. கல் தரை. விழுந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி அது அடங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பியானோக்காரர் தலையைத் திருப்பவே இல்லை. வலது கையால் ஒரே ஒரு கட்டையைத் தட்டினார். டம்ளர் ஒலித்த அதே சுரம். இரண்டு தடவை. பாஸ் வாசித்தவர் அதைப் பிடித்துக்கொண்டார். அங்கே இங்கே அலைந்துவிட்டு, தனி ஆவர்த்தனத்தை அதே சுரத்தில் கொண்டுவந்து முடித்தார். கூட்டம் கை தட்டியது. அம்மாவுக்கு என்ன நடந்ததென்று புரியவில்லை. தன்னைத் திட்டுகிறார்கள் என்றே நினைத்தார்.

சில வாரம் கழித்து ஞாயிறு இரண்டு மணிக்கு அந்தக் கச்சேரி வந்தது. வெட்டியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். இல்லை, டம்ளர் இருந்தது. முடிவில் வாசித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னார்கள். கையில் கிடைத்த மளிகை ரசீதின் பின்னால் பாஸ் கலைஞரின் பெயரை எழுதி வைத்தேன். அவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று. இன்றுவரை பேசவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

ஹூஸ்டன் வெயில்:

அக்கா, உங்களுடையது நல்ல நினைவு. என்னுடையது அப்படியல்ல.

2005 செப்டம்பர். கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் மக்கள் ஹூஸ்டனுக்கு வந்து குவிந்த நாட்கள். நான் அப்போது மாணவன். ஒரு முகாமில், சொந்தக்காரர்களைத் தேட வைத்திருந்த கணினி வரிசைக்குத் தொண்டனாக நின்றேன். ஆளுக்குக் கால் மணி நேரம் என்று கணக்கு. எழுபது வயது இருக்கும், ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். யார் பெயரையும் தேடச் சொல்லவில்லை. "ஓஸ் கிடைக்குமா?" என்றுதான் கேட்டார்.

ஓஸ் என்பது நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூடபிள்யூஓஇசட் 90.7 வானொலி, இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அன்று தெரியாது. புயலில் அவர்கள் ஒலிபரப்பு நின்றுபோய், நியூஜெர்சியில் இருக்கும் டபிள்யூஎஃப்எம்யூ வானொலியின் துணையோடு இணையத்தில் மட்டும் பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தேடிப் பிடித்து ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கால் மணி, அரை மணி, நாற்பது நிமிடம் ஆயிற்று. பின்னால் வரிசை நீண்டது. ஒரு பெண் குழந்தையோடு நிற்கிறார். வேறு வழியில்லாமல் பெரியவரின் தோளைத் தொட்டேன். பாட்டு பாதியில் இருந்தது. உடனே எழுந்துவிட்டார், மறுப்பே சொல்லவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி என் கையில் கொடுக்கும்போது, "டிரம்ஸ் வாசிப்பது என் தங்கை மகன்" என்றார். ஒரு பெயரும் சொன்னார். இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று அவருக்குத் தெரியாது. ஒலித்தது பழைய பதிவு.

பாட்டு முடியும்வரை விட்டிருக்கலாம். இன்னும் மூன்று நிமிடம், அவ்வளவுதான்.

பிற்பாடு வேலை விஷயமாக நியூ ஆர்லியன்ஸ் போய்ப் போய் அந்த வானொலி பழகிவிட்டது. 1980 டிசம்பர் 4 அன்று தொடங்கியது. ஆரம்பத்தில் டிப்பிட்டினாஸ் என்ற இசைக்கூடத்தின் மாடியில் இருந்தார்களாம்; தரையில் ஒரு துளை வழியாக மைக்கைக் கீழே இறக்கிக் கச்சேரியை அப்படியே ஒலிபரப்பியதை ஊரில் இன்றும் சொல்வார்கள். நிகழ்ச்சி நடத்துபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். ஒற்றைப்படை மணிதோறும் 'லைவ் வயர்' வரும்: இன்று இரவு யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று பெயர் பெயராக வாசிப்பார்கள். பெரிய கூடமும் தெருமுனைக் கடையும் ஒரே குரலில், ஒரே வேகத்தில். அதைக் கேட்கும்போதெல்லாம், பாதி கேட்ட அந்தப் பெயருக்கு மீதி கிடைக்குமா என்று காத்திருக்கிறேன்.

நள்ளிரவு அலைவரிசை:

இரண்டையும் படித்தேன். மனதைத் தொடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்த பாஸ் கலைஞருக்கும் டிரம்ஸ் பையனுக்கும் வானொலி என்ன கொடுத்தது? அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் நிலையங்கள் பாட்டை எழுதியவருக்கு உரிமத்தொகை தருகின்றன. வாசித்தவருக்கு ஒரு சென்ட் கிடையாது. 1930களில் யாரோ எழுதிய மெட்டை ஒருவர் தன் உயிரைக் கொடுத்து வாசித்திருந்தாலும் பணம் மெட்டுக்காரரின் வாரிசுக்குத்தான் போகும். அதே ஒலி இணையத்தில் போனால் கதை வேறு. சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலித்து, பதிவின் உரிமையாளருக்கு 50 சதவீதம், முதன்மைக் கலைஞருக்கு 45, பக்கத்தில் வாசித்தவர்களுக்கான நிதிக்கு 5 என்று பிரிக்கும். நான் இருக்கும் ஆஸ்திரேலியாவில் வாசித்தவருக்கும் உண்டு. ஆனால் வணிக வானொலி பதிவுகளுக்காகத் தருவது மொத்த வருமானத்தில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டமே தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறது. இதைப் பேசாமல் நெகிழ்ச்சியை மட்டும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

என் அனுபவம் சின்னது. மெல்பர்னில் ஒரு சமுதாய வானொலியில் வாரம் ஒரு நள்ளிரவு, உள்ளூர் ப்ளூஸ், ஜாஸ் போடுகிறேன். முதல் வருடம் ஒரு பாடகியின் பெயரை மூன்று வாரம் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காவது வாரம் இரவு ஒன்றரை மணிக்கு நிலையக் கதவைத் தட்டினார். மழையில் நனைந்திருந்தார். பெயரைச் சரியாகச் சொல்லிக் காட்டிவிட்டு, தேநீர்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

சரி, பிள்ளைகளோ நண்பர்களோ வாசிப்பவர்களாக இருந்தால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நிலையத்தின் பொது முகவரிக்கு அனுப்பாதீர்கள், அது கிணற்றில் போட்ட கல். நிகழ்ச்சி நடத்துபவருக்கு நேரடியாக எழுதுங்கள். அதற்கு முன் அவருடைய நிகழ்ச்சியை இரண்டு வாரமாவது கேளுங்கள். கேட்காமல் அனுப்பியவரை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவோம். கோப்புக்கு வெறும் எண்ணைப் பெயராக வைக்காதீர்கள். என் கணினியில் 'ஒன்று' என்ற பெயரில் இருநூறு பாட்டு கிடக்கிறது, எது யாருடையது என்று எனக்கே தெரியாது. யார் எதை வாசித்தார்கள், மெட்டு யாருடையது, எங்கே பதிவானது, அடுத்த கச்சேரி எப்போது, எல்லாம் கடிதத்திலேயே இருக்கட்டும். கச்சேரிக்கு முந்தைய நாள் அனுப்பினால் நான் என்ன செய்ய முடியும்? மூன்று வாரம் முன்னால் வேண்டும்.

அப்புறம் நீளம். பேச்சு, அறிவிப்பு போக ஒரு மணி நேரத்தில் ஒன்பது பாட்டு வைப்பதே கஷ்டம். பன்னிரண்டு நிமிடப் பாட்டு ஒன்றைப் போட்டால் இரண்டு பேருக்கு இடம் போகிறது. ஐந்து நிமிடத்துக்குள் ஒன்றை முதலில் வையுங்கள், நீளமானதைப் பின்னால் வையுங்கள். கச்சேரியில் எடுத்த பதிவென்றால் கூட வாசித்த எல்லோரிடமும் சம்மதம் வாங்குங்கள். ஒருவர் மனத்தாங்கலோடு தொலைபேசியில் கூப்பிட்டால் அந்தப் பாட்டை நான் மறுபடி தொட மாட்டேன். மெட்டு சொந்தம் என்றால் உங்கள் நாட்டு உரிம அமைப்பில் பதிவு செய்துவிட்டு அனுப்புங்கள். பெயரை எப்படி உச்சரிப்பது என்பதை ஒலி பிரித்து எழுதுங்கள். இவ்வளவும் செய்தால் போடுவார்களா என்று கேட்டால், உறுதி சொல்ல முடியாது. ஆனால் செய்யாவிட்டால் போட மாட்டார்கள்.

மதுரை டூ மெம்பிஸ்:

வானொலி என்ன கொடுத்தது என்று நள்ளிரவு நண்பர் கேட்கிறார். ஆர்கன்சாவில் ஹெலினா என்ற ஊர் இருக்கிறது, அங்கே போய்க் கேட்டால் சொல்வார்கள். 1941 நவம்பரில் கேஎஃப்எஃப்ஏ நிலையத்தில் 'கிங் பிஸ்கட் டைம்' தொடங்கியது. கிங் பிஸ்கட் என்பது மாவு. மவுத் ஆர்கன் வாசித்த சன்னி பாய் வில்லியம்சனும் கிட்டார் வாசித்த ராபர்ட் லாக்வுட்டும் அந்த மாவை விற்பதற்காக ஸ்டுடியோவிலேயே வாசித்தார்கள். பதிலுக்கு, இன்றிரவு எங்கே வாசிக்கிறோம் என்று அதே மைக்கில் சொல்லிக்கொண்டார்கள். வானொலியில் கறுப்பினக் கலைஞரின் குரலே அபூர்வமாக இருந்த காலம் அது. வயலில் வேலை செய்பவர்கள் சாப்பிட வரும் பகல் 12.15 மணி. பின்னாளில் பெரிய ப்ளூஸ் கலைஞரான பி.பி. கிங் அப்படிக் கேட்டு வளர்ந்த பையன்தான். சன்னி பாயின் படத்தைப் போட்டு மக்காச்சோள மாவே விற்றார்கள். வாரநாட்களில் தினமும் வரும் நிகழ்ச்சி இது.

நான் 2010இல் மெம்பிஸிலிருந்து காரில் போனேன். நிகழ்ச்சியை டெல்டா கலாச்சார மையத்திலிருந்து நேரடியாக ஒலிபரப்புவார்கள், உள்ளே போய் உட்காரலாம். அன்று பார்வையாளர்கள் ஐந்தே பேர். என் பக்கத்தில் வயதான ஓர் அம்மையார், மடியில் கைப்பை. 12.15க்கு நிகழ்ச்சி தொடங்கியதும் அவருடைய உதடு அசைந்தது. முதலில் பிரார்த்தனை என்று நினைத்தேன். இல்லை, தொடக்க வாசகத்தை மாவின் பெயரோடு சேர்த்து மனப்பாடமாகக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் அறிவிப்பாளரைப் பார்த்தோம், அவர் சுவரிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் பேச்சுக் கொடுத்தேன். சனிக்கிழமை இரவு அப்பா எந்த ஊருக்குப் போவார் என்பது இந்தப் பெட்டி சொல்லும் இடத்தைப் பொறுத்தது என்றார். அப்பா எங்கே வேலை செய்தார் என்று கேட்டேன். வாசல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே போய்ப் பார்த்தேன். அங்கே ஆற்றங்கரை மேட்டைத் தவிர ஒன்றுமில்லை.

அடையாறு மொட்டைமாடி:

நான் அமெரிக்கா பக்கமே போனதில்லை. 2020 ஊரடங்கு. நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழா ரத்தானதும், ஹூஸ்டன் அண்ணன் சொன்ன அதே ஓஸ் வானொலி, விழா நடந்திருக்க வேண்டிய நாட்களில் பழைய விழாப் பதிவுகளை நாள் முழுக்கப் போட்டது. அங்கே காலை 11 என்றால் இங்கே இரவு ஒன்பதரை. மொட்டைமாடியில் பாய் விரித்து, சின்ன ஸ்பீக்கரில் கேட்பேன். இரண்டாம் நாள் கீழ்வீட்டு மாமா மேலே வந்தார். சத்தத்துக்குச் சண்டைதான் என்று அணைக்கப் போனேன். "அந்த டிரம்பெட் நேத்து பன்னிரண்டு மணிக்கு மேல வந்துதே, இன்னிக்கும் வருமா?" என்று கேட்டார். அவருடைய தம்பி காவல்துறை பாண்டு வாத்தியக் குழுவில் இருந்தவராம். எட்டடி தள்ளி நாற்காலி போட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பெல்வியூ அம்மா:

நள்ளிரவு தம்பி, உச்சரிப்பை எழுதி அனுப்பச் சொன்னீர்கள். அனுப்பினோம், தம்பி. ஒலி பிரித்து, பெரிய எழுத்தில்.

இங்கே சியாட்டில் பக்கம் பள்ளி ஜாஸ் குழு என்றால் விளையாட்டில்லை. குயின்சி ஜோன்ஸ் படித்த கார்ஃபீல்டும், ரூஸ்வெல்ட்டும் நியூயார்க்கில் நடக்கும் எல்லிங்டன் போட்டியில் பலமுறை முதலிடம் வாங்கிய பள்ளிகள். என் மகன் வேறொரு பள்ளி, டிராம்போன். மிருதங்கம் ஐந்து வருடம் கற்றவன், அதனால் கணக்கு தப்பாது. ஓர் உள்ளூர் நிலையத்தில் மாணவர்களுக்கென்று நேரம் ஒதுக்கி அழைத்தார்கள். அவன் மூச்சை இழுத்த சத்தம்கூடக் கேட்கும் அளவுக்குச் சின்ன அறை. எட்டு எண்ணிவிட்டு அவன் நுழைந்த இடம் இருக்கிறதே, அதை வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை.

முடிந்ததும் பெயர்கள். அவனுடையதை மட்டும் மூன்று விதமாக, மூன்றும் தப்பாகச் சொன்னார் அறிவிப்பாளர். கெட்ட எண்ணமில்லை, சிரித்துக்கொண்டேதான். என் மகனும் சிரித்துத் தலையாட்டினான். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். கையைத் தூக்கியிருக்கலாம், தூக்கவில்லை. திரும்பும்போது காரின் பின்சீட்டில் அவன் தன் பெயரை ஒருமுறை சரியாக, மெதுவாகச் சொல்லிக்கொண்டது கேட்டது. என்னிடம் சொன்னதல்ல அது.

நள்ளிரவு அலைவரிசை:

அக்கா, எழுதி அனுப்பினால் போதும் என்று நான் சொன்னது சரியில்லை. அந்தப் பாடகி வந்துபோன பிறகு, மைக் திறப்பதற்கு முன் அவரவர் வாயால் பெயரைச் சொல்ல வைத்து, நானும் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். முதலில் எழுதியிருக்க வேண்டியது இதுதான்.

தாமிரபரணிக் கரை:

எல்லோருடையதையும் படித்துவிட்டு நேற்று ரசீதைத் தேடினேன். சமையல் புத்தகத்துக்குள் இருந்தது. மை மங்கியிருந்தாலும் பெயர் படிக்க முடிகிறது. அவர் இன்னும் இந்த ஊரில்தான் வாசிக்கிறார், அடுத்த வியாழன் ஒரு சின்ன இடத்தில். போகிறேன்.

இரவு அம்மாவைத் தொலைபேசியில் பிடித்து டம்ளர் விஷயத்தைச் சொன்னேன். அன்று திட்டவில்லை, கைதட்டினார்கள் என்பதை இத்தனை வருடம் கழித்துத்தான் நம்பினார். "அந்தத் தம்பி பேரு என்ன?" என்றார். சொன்னேன். சரியாக வருகிறதா என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.