கோஹாவா, ஸ்லிம்ஸா? எதை வைத்து ஒப்பிடுவது?

வணக்கம் நண்பர்களே. பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு ஓப்பன் சோர்ஸ் (கோட் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள் தேடுகிறோம்; கோஹா, ஸ்லிம்ஸ் என்ற இரண்டு நூலக மென்பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும். சுமார் 4,000 புத்தகம். பழைய டெஸ்க்டாப், 8 ஜிபி ரேம், உபுண்டு 22.04. அடுத்த மாதக் கடைசிக்குள் தலைமையாசிரியரிடம் முடிவு சொல்லணும்.

முதலில் கிட்ஹப் (கோட் வைக்கும் தளம்) ஸ்டாரை, அதாவது அங்கே பயனர்கள் போடும் விருப்பக்குறிகளின் எண்ணிக்கையை, வைத்து ஒப்பிட்டேன், சரிவரவில்லை. இந்தோனேசியாவின் ஸ்லிம்ஸ் கிட்ஹப்பிலேயே இருக்கிறது. கோஹாவுக்கோ அங்கே இருப்பது நகல்தான். பிழைப் புகார், பேட்ச் (திருத்தக் கோட்) எல்லாம் பக்ஸில்லா என்ற தனிப் பிழைப்பதிவுத் தளத்தில். ஸ்டாரை நம்பி, 2000-லிருந்து ஓடும் கோஹாவைத் தள்ளிவிட மனசு வரவில்லை. கமிட் (கோடில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றம்) எண்ணிக்கையும் ஏமாற்றுகிறது: ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் ஒரு கமிட், புதிய வசதி சேர்த்தாலும் ஒரு கமிட்.

பினாங்கிலோ கேஎல்லிலோ இவற்றை ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: திட்டம் உயிரோடிருக்கிறதா என்று கண்டுபிடிக்க நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள், வெளியீட்டுத் தேதிகளையா, தொடர்ந்து கோட் எழுதுபவர்கள் எத்தனை பேர் என்பதையா?