புதுப்பிப்பு: பொட்டாசியம் என்றாலே புகை அல்ல

அமேசான் காட்டுக் காற்றைப் பற்றிப் போன வாரம் எழுதியபோது, காற்றின் துகள்களைப் பிடிக்கும் வடிதாளில் பொட்டாசியம் கூடினால் அது தீயின் புகைதான் என்று சொல்லியிருந்தேன். அது பாதிதான் சரி. பூஞ்சைகளும் செடிகளும்கூடப் பொட்டாசிய உப்பை நுண்துகள்களாகக் காற்றில் விடுகின்றன. 2012-இல் வந்த அமேசான் ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. அந்த உப்புத்துகள்தான் கரிமப் பொருள் படிய விதையாகிறதாம். எவ்வளவு அழகான விஷயம்!

சரி, கணக்குக்கு வருவோம். காரணிப் பகுப்பாய்வு என்ற புள்ளியியல் முறை, வடிதாளில் அளந்த பொருள்களில் எவையெவை சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று மட்டும்தான் பிரித்துத் தரும். பெயர் வைப்பது நாம். பொட்டாசியத்தோடு, மரம் செடி எரியும்போது உண்டாகும் லெவோகுளுக்கோசானும் ஏறினால் புகை; பாஸ்பரசோடு வந்தால் பெரும்பாலும் காடே விட்டது. அலுமினியம், சிலிக்கான், இரும்பு ஒன்றாக எகிறினால் சஹாரா தூசியைச் சந்தேகிக்கலாம்.