கனடாவில் இருந்து வந்த ஐஸ் மெசின் காம்பர் வானுக்குள் நின்று நின்று ஓடுகிறது, காரணம் என்ன?

கோண்டாவில் வான்:

வணக்கம். எங்களுடைய பழைய டொல்பின் வானின் பின் சீற்றுகளைக் கழற்றிவிட்டு, படுக்கையும் சின்னக் குசினியும் வைத்து காம்பர் வானாக மாற்றியிருக்கிறோம். விடுமுறை கிடைத்தால் கசூரினா, சாட்டி, மணற்காடு என்று கடற்கரைகளுக்குப் போய் இரவு தங்குவது வழக்கம். அக்கா ரொறன்ரோவில் இருந்து வந்தபோது மேசையில் வைக்கிற சின்ன ஐஸ் மெசின் ஒன்று கொண்டுவந்து தந்தார். தண்ணீர் ஊற்றிச் சுவிச்சைப் போட்டால் ஒரு சுற்றுக்கு ஒன்பது ஐஸ் குண்டுகள் விழும். 24 மணித்தியாலத்தில் 26 இறாத்தல், அதாவது 12 கிலோ அளவு ஐஸ் போடும் என்று பெட்டியில் இருக்கிறது.

வானில் 100 அம்பியர் மணி ஈயப் பற்றறி, அந்தக் கரண்டை வீட்டுக் கரண்ட் போல 230 வோல்ற் ஆக்குகிற 1000 வாற் இன்வேட்டர். மெசின் 120 வோல்ற் என்பதால் இடையில் 230ஐ 110 ஆக்குகிற ட்ரான்ஸ்போமர் ஒன்று. முதல் இரண்டு சுற்று நல்ல தடிப்பாக விழுகிறது. பிறகு ஐஸ் தோல்போல மெலிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் 'ரிக்' என்று ஒரு சத்தம், கொம்பிரசர் நின்றுவிடும், மின்விசிறி மட்டும் ஓடும். ஆறின பிறகு தானே திரும்ப எழும்பும். எழும்பும்போது இன்வேட்டர் கீச்சிடுகிறது. தண்ணீர் இருக்கும்போதே தண்ணீர் விடச் சொல்லும் லைற்றும் சிலவேளை எரிகிறது. வீட்டில் அதே ட்ரான்ஸ்போமரில் போட்டால் நிற்காமல் ஓடுகிறது, ஆனால் பின்பக்கம் கை வைக்க முடியாத சூடு.

காண்டாவனம், அந்தக் கடும் வெக்கைக் காலம், வரப்போகிறது. அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நாங்கள், குளிர்ந்த தண்ணீர் கட்டாயம் வேண்டும். மெசின் பழுதா, கரண்டில் பிழையா?

பிறிஜ் வேலைக்காரன்:

தம்பி, மெசினின் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். 120 வோல்ற் என்பதற்குப் பக்கத்தில் 60 ஹேட்ஸ் என்று இருக்கும். ஹேட்ஸ் என்றால் கரண்ட் ஒரு செக்கனில் எத்தனை முறை அலைகிறது என்பது. எங்கள் நாட்டுக் கரண்ட் 230 வோல்ற், 50 ஹேட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றை மட்டும்தான் குறைக்கும், ஹேட்ஸை மாற்றாது. கனடாவில் இருந்து வருகிற மோட்டர் சாமான்கள் பல இங்கே இதனால் எரிகின்றன. சனம் வோல்ற்றைப் பார்க்கிற அளவுக்கு ஹேட்ஸைப் பார்ப்பதில்லை, எனக்கு அது பெரிய கவலை.

60க்குக் கட்டின கொம்பிரசரை 50இல் ஓட்டினால் இரண்டு விஷயம் நடக்கும். வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், அதோடு குளிரும் குறையும். மற்றது, மோட்டருக்குள் காந்தம் கூடுதலாக ஏறும். 120ஐ 60ஆல் பிரித்தால் 2. உங்களுடைய 110ஐ 50ஆல் பிரித்தால் 2.2. அந்தப் பத்து வீதம் கூடினதே சுருளைச் சூடாக்கப் போதும். அதற்கு மேல் வானுக்குள் இருக்கிற வெக்கை. கொம்பிரசரில் ஒட்டியிருக்கிற சின்னப் பாதுகாப்புச் சுவிச் சூடு தாங்காமல் வெட்டுகிறது. நீங்கள் கேட்கிற 'ரிக்' அதுதான். மெசின் இன்னும் பழுதாகவில்லை, இப்படியே ஓட்டினால் பழுதாகும்.

வீட்டை விட வானில் இதற்கு வழி சுலபம். பற்றறியில் இருப்பது நேர்மின்னோட்டம், அதற்கு ஹேட்ஸே கிடையாது. 12 வோல்ற்றில் இருந்து நேரே 120 வோல்ற், 60 ஹேட்ஸ் தருகிற அமெரிக்க வகை இன்வேட்டர் ஒன்றை அக்காவிடம் சொல்லி எடுப்பியுங்கள். வீட்டுக் கரண்ட் போல வளைந்து வளைந்து போகிற தூய சைன் அலை வகையாக இருக்கவேண்டும், விலை குறைந்த சதுர அலை வகை கொம்பிரசருக்குக் கூடாது. ட்ரான்ஸ்போமரைத் தூக்கி வைத்துவிடலாம், அது சும்மா தின்கிற கரண்டும் மிச்சம். வீட்டில் ஓட்டவேண்டும் என்றால் யப்பான் சாமான்களுக்கு விற்கிற 100 வோல்ற் ட்ரான்ஸ்போமரில் போடுங்கள். 100ஐ 50ஆல் பிரித்தாலும் 2தான். மெதுவாக ஓடும், ஆனால் அந்தச் சூடு வராது.

வடமராட்சிப் பயணி:

அண்ணை ஹேட்ஸ் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் இன்வேட்டர் கீச்சிடுவது வேறு கதை, அது வயர். மெசின் ஓடும்போது 120 வாற் அளவு எடுக்கும். இன்வேட்டரில் போகிற நட்டத்தையும் சேர்த்தால் பற்றறியில் இருந்து 12 அம்பியர் வரை வரும். கொம்பிரசர் எழும்புகிற கணத்தில் மட்டும் அது நாலைந்து மடங்கு. வயர் மெல்லிசாகவோ நீளமாகவோ இருந்தால் அந்தக் கணத்தில் வோல்ற் விழுந்துவிடும். மீற்றரைப் பற்றறியில் வைக்காமல் இன்வேட்டரின் முனைகளில் வைத்து, கொம்பிரசர் எழும்பும்போது பாருங்கள். 10.5க்குக் கீழே போனால் பெரும்பாலான இன்வேட்டர்கள் கத்தும். நான் 25 சதுர மில்லிமீற்றர் வயரை ஒரு மீற்றருக்குள் அடக்கிப் போட்டிருக்கிறேன்.

ஈயப் பற்றறியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் உங்களுக்குக் கைக்கு வருவது 50 அம்பியர் மணி. அதில் மெசின் நாலு மணித்தியாலம் ஓடும், நல்ல நிலையில் 2 கிலோ ஐஸ் கிடைக்கும். கூரையில் சோலார் இருந்தால் காலை பத்தில் இருந்து இரண்டு வரை வெயிலோடு ஓட்டிவிட்டு நிற்பாட்டுங்கள், இரவில் ஓட்டாதீர்கள். இன்னொன்று, இது பிறிஜ் அல்ல. விழுந்த ஐஸ் கூடைக்குள் கிடந்து உருகித் திரும்பத் தொட்டிக்குள் போய்விடும். கூடை நிறைய நிறைய ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்கு மாற்றி மூடியை இறுக்குங்கள். இரவு சர்பத்துக்கு அது போதும்.

மெசினை எங்கே வைத்து ஓட்டுகிறீர்கள்?

கோண்டாவில் வான்:

படுக்கைக்குக் கீழே தட்டில், முன்பக்கம் மட்டும் திறந்திருக்கும். கடற்கரையில் வான் கொஞ்சம் சரிந்துதான் நிற்கும்.

பிறிஜ் வேலைக்காரன்:

அங்கே வைக்கவே கூடாது, தம்பி. அது தண்ணீரில் இருந்து எடுக்கிற சூட்டைப் பக்கத்து ஓட்டைகளால் வெளியே தள்ளுகிறது. அடைத்து வைத்தால், மெசின் தான் தள்ளின சூட்டையே திரும்ப இழுக்கும். நாலு பக்கமும் ஒரு சாண் வெளி வேண்டும். தகட்டில் ஆர் 600 ஏ என்று இருந்தால் உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு, காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். பின்கதவைத் தூக்கி, அதன் நிழலில் ஒரு மேசை போட்டு வையுங்கள். சோளகக் காலத்தில் மணல் அடிக்கும், காற்றுக்கு மறைவான பக்கமாகப் பாருங்கள். வான் ஓடும்போது போடவேண்டாம். நிறுத்தின பிறகும் கொம்பிரசர் எண்ணெய் அடங்க ஒன்றிரண்டு மணித்தியாலம் விடுங்கள்.

தண்ணீர் லைற்றுக்குக் காரணம் சரிவுதான். தண்ணீர் ஒரு மூலைக்குப் போக மற்ற மூலையில் பம் காற்றை இழுக்கிறது. தட்டில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, மேசைக் காலுக்குக் கீழே பலகைத் துண்டு வையுங்கள். மூடியின் கண்ணாடியில் நேர் வெயில் விழாமலும் பாருங்கள். சில மெசின்களில் கூடை நிறைந்ததைப் பார்க்கிற கண் அதில் ஏமாந்து வேலையை நிறுத்திவிடும்.

சாவகச்சேரி அக்கா:

தம்பி, எந்தத் தண்ணீர் விடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே. கிணற்றுத் தண்ணீர் என்றால் கவனம். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் மெசினுக்குள் குளிர்கிற குச்சிகளிலும் பம்மிலும் படியும். என்னுடையதில் ஐஸ் உருகின பிறகு கோப்பையின் அடியில் வெள்ளைத் தூள் நின்றது. தேசிக்காய்ப் புளியைத் தண்ணீரில் கலந்து ஓடவிட்டு, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசினேன், பிறகு தூள் வரவில்லை. இப்போது குடிக்க வாங்குகிற ஆர்ஓ தண்ணீர்தான் விடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் அடியில் இருக்கிற அடைப்பைக் கழற்றி முழுத் தண்ணீரையும் இறக்கி, மூடியைத் திறந்து காயவிடுங்கள். தேங்கின தண்ணீரில் செய்த ஐஸைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

தண்ணீரை முதல் நாள் வீட்டுப் பிறிஜ்ஜில் வைத்துக் குளிராக்கிக் கொண்டுபோங்கள். 30 பாகையில் இருக்கிற தண்ணீரை விட்டால் மெசினின் வேலையில் கால்வாசிக்கு மேல் அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரவே போய்விடும்.

கோண்டாவில் வான்:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. தகட்டில் 60 ஹேட்ஸ் என்றுதான் இருக்கிறது, ஆர் 600 ஏ என்றும் இருக்கிறது. மீற்றர் வைத்துப் பார்த்தேன். கொம்பிரசர் எழும்பும்போது 12.4இல் இருந்து 10.3க்கு விழுந்தது. வயரைத் தடிப்பாக மாற்றின பிறகு 11.6இல் நிற்கிறது, கீச்சுச் சத்தம் இல்லை. மேசையில் மட்டமாக வைத்ததும் தண்ணீர் லைற்றும் எரியவில்லை. ஆனால் 'ரிக்' இன்னும் வருகிறது, முந்தியதை விடப் பிந்தி வருகிறது. அண்ணை சொன்ன 60 ஹேட்ஸ் இன்வேட்டருக்கு அக்காவிடம் சொல்லிவிட்டேன். அது வரும்வரை மெசினை ஓட்டவில்லை.

ஒரு கடைசிக் கேள்வி. கடற்கரையில் வாங்குகிற மீனை வீட்டுக்குக் கொண்டுவர இந்த ஐஸ் போதுமா?

வடமராட்சிப் பயணி:

போதாது. வெக்கையான ஊரில் மீனும் ஐசும் சம நிறையில் இருக்கவேண்டும். 3 கிலோ மீன் என்றால் 3 கிலோ ஐஸ், உங்கள் பற்றறி அதற்குத் தாங்காது. மீன்பிடித் துறையடி ஐஸ் கொம்பனியில் கட்டி ஐஸ் வாங்கி, சாக்கில் சுற்றி உடைத்து, பெட்டியில் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன் என்று போடுங்கள். உருகுகிற தண்ணீர் வடிய அடியில் ஓட்டை இருக்கட்டும். குடிக்கிற ஐஸ் பெட்டியை அதோடு சேர்க்காமல் வேறாக வையுங்கள்.