ஜப்பானிய ஜாஸ்-ஃபங்க் (ஆடத் தூண்டும் தாளம் கலந்த ஜாஸ்): உங்களை முதலில் இழுத்த இசைத்தட்டு எது?

ஹிரோஷி சுசுகியின் 'கேட்' இசைத்தட்டை இதுவரை கேட்காதவர்கள் முதலில் அதைக் கேட்டுவிடுங்கள். நான் எழுதியிருப்பதை அப்புறம் படித்தால் போதும்.

சுசுகி டிராம்போன் கலைஞர். லாஸ் வேகாசில் வாசித்துக்கொண்டிருந்தவர், 1975 அக்டோபரில் ஜப்பான் வந்திருந்தபோது பழைய சகாக்களைச் சேர்த்துக்கொண்டு இதைப் பதிவுசெய்தார். மறு ஆண்டு வெளியானது. இதில் 'ரொமான்ஸ்' என்றொரு உருப்படி இருக்கிறது. எலெக்ட்ரிக் பியானோ மெல்ல இடம் விரிக்கிறது. டிரம்ஸுக்கு அவசரமே இல்லை. டிராம்போன் என்றால் ஊரைக் கூட்டும் கருவி என்று நினைத்திருந்த எனக்கு, அது இவ்வளவு தாழ்ந்த குரலில் பேசும் என்பது புதிது. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குத் தாவாமல் இழைந்து போகும் அந்தப் போக்கு, கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு உடனே பிடித்துப்போகும்.

டோக்கியோவில் வேலை பார்த்தபோது என் சனிக்கிழமைகள் ஒச்சனோமிசுவின் பழைய இசைத்தட்டுக் கடைகளில்தான் கழிந்தன. அட்டையைச் சுற்றியிருக்கும் 'ஓபி' என்ற காகிதப் பட்டை கிழியாமல் இருந்தால் விலை எகிறிவிடும். பட்டை இல்லாததாகப் பார்த்து எடுப்பேன். உள்ளே இருக்கும் இசை ஒன்றுதானே!

அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தபோது 'கேட்' மறுபதிப்பை எடுத்துச் சென்றேன். ஐம்பதைத் தாண்டியவர், கேள்விப்பட்டதே இல்லை என்றார். ஊசியை வைத்தவர் முதல் பக்கம் முடியும்வரை வாயே திறக்கவில்லை. தட்டைத் திருப்பிப்போட எழுந்தபோது, "இதை ஏன் யாருமே என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டார்.

பிறகு அலமாரியைத் துழாவி, கேசியோபியா என்ற ஜப்பானிய இசைக்குழுவின் 'மின்ட் ஜாம்ஸ்' தட்டை எடுத்தார். 1982இல் டோக்கியோவின் சுகிஜியில் ரசிகர்கள் முன்னிலையில் பதிவானது. கைதட்டலைப் பெரும்பாலும் நீக்கிவிட்டதால் ஸ்டூடியோ பதிவு என்றே தோன்றும். டெட்சுவோ சகுராய் பாஸ் கிட்டார் கம்பிகளைக் கட்டைவிரலால் தட்டியும் சுண்டியும் வாசிக்கும் இடம் வந்ததும், அவரும் மேசை விளிம்பில் தட்டத் தொடங்கிவிட்டார். அலுவலகத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கடைசி ரயிலுக்கு ஓடவேண்டியதாயிற்று.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பதில்

நண்பரே, கேசியோபியா எனக்கு வந்த வழியே வேறு. என் மகனுக்கு ரயில் பைத்தியம். ஜப்பானிய நிலையங்களில் ரயில் புறப்படும் முன் ஒலிக்கும் சின்னச் சின்ன மெட்டுகளைத் தேடித்தேடிக் கேட்பான். அவற்றில் பலவற்றை அமைத்த மினோரு முகாயா யார் என்று தேடப்போனால், கேசியோபியாவின் கீபோர்டு கலைஞர்! ரயில் ஓட்டும் கணினி விளையாட்டுகளை உருவாக்கியவரும் அவரே. இப்போது அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து 'மின்ட் ஜாம்ஸ்' கேட்கிறோம். அவன் கீபோர்டுக்காக, நான் இஸ்ஸெய் நோரோவின் கிட்டாருக்காக.

பதில்

ஜாஸ் புரியாது என்று விலகுபவர்களுக்கு நான் போட்டுக்காட்டுவது ஜிரோ இனாகாகியும் சோல் மீடியா குழுவும் 1975இல் தந்த 'ஃபங்கி ஸ்டஃப்'. புரிவதற்கு அதில் எதுவும் இல்லை, கால் தானாகவே தாளம் போடும். என் அக்கா முதல் நிமிடத்திலேயே சமையலறையிலிருந்து வந்து ஒலியைக் கூட்டினாள். இனாகாகியின் மற்ற தட்டுகளைக் கேட்டவர்கள், அடுத்து எதை வாங்கலாம் என்று சொல்லுங்கள்.